14 கொமென்ட்டும் வெத்து இடத்துக்கு

சண்டை எதைப் பற்றி என்று முதல்ல சொல்லிடறேன், இல்லாட்டி பாதிப் பேர் இதை மூடிட்டுப் போயிடுவீங்க.

நிரல் எழுதும்போது சில வரிகளைக் கொஞ்சம் உள்ளே தள்ளி எழுதுவோம். இந்த வரி மேலே இருக்கிற வரிக்குக் கீழ்ப்பட்டது என்று காட்டுறதுக்கு. இதுக்கு உள்தள்ளல் என்று பெயர். டேப் பட்டனை ஒரு தரம் அழுத்தியும் செய்யலாம், ஸ்பேஸ் பட்டனை நாலு தரம் அழுத்தியும் செய்யலாம். திரையில ரெண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும். கோப்புக்குள்ள ரெண்டும் வேற வேற எழுத்து. இதுல எது சரி என்று நிரல் எழுதுறவங்க தலைமுறை தலைமுறையா அடிச்சுக்கிறாங்க. 'சிலிக்கன் வேலி' தொடர்ல, 2016ல வந்த ஒரு எபிசோட்ல, ஹீரோவோட காதல் இந்தச் சண்டையிலேயே முறிஞ்சு போகும். பார்த்துட்டு நாங்க விழுந்து விழுந்து சிரிச்சோம்.

சிரிச்ச அதே ஆட்கள்தான் போன வருசம் அதே சண்டையைப் போட்டோம்.

உயர்தரக் கலைப்பிரிவுக்கான தமிழ்மொழிமூல வினாத்தாள்களை ஒரே இடத்துல சேர்த்து, பாடமும் வருசமும் போட்டுத் தேடுற மாதிரி ஒரு சின்ன நிரலை ஆறு பேர் சேர்ந்து பைதான்ல எழுதிக்கிட்டிருந்தோம். ஆறு பேர்ல ரெண்டு பேர்தான் கணினி படிக்கிறவங்க. மிச்சம் எல்லாரும் என்னை மாதிரி கலைப்பீடம், யூடியூப் பார்த்துக் கத்துக்கிட்டவங்க. உயர்தரம் எழுதிட்டு ரிசல்ட்ஸ் வரும்வரை வீட்டுல இருந்த ஒரு தங்கச்சி, ஹட்டன் பக்கத்துத் தோட்டம், எங்களோட சேர்ந்தா. லெப்டொப் இல்ல. ஃபோன்லயே 60 வரி எழுதி அனுப்பினா. ஸ்கேன் பண்ணின வினாத்தாள்களுக்கெல்லாம் ஒரே முறையில பேர் வைக்கிற ஒரு துண்டு.

அதுக்கு 14 கொமென்ட் விழுந்துச்சு. "டேப் போட்டிருக்கீங்க, நாலு ஸ்பேஸ் வேணும்." "இந்த வரியும்." "இதுவும்." "பெப் 8 வாசிச்சிட்டு வாங்க." நிரல் ஓடுதா, என்ன செய்யுது என்று ஒருத்தரும் கேட்கல. அந்த 14ல மூணு என்னோடது. அவ ஒரு தம்ஸ்அப் மட்டும் போட்டா, அதுக்குப் பிறகு வரவே இல்ல. எங்கள்ல ஒருத்தன் அவளோட டேப்பையெல்லாம் ஸ்பேஸா மாத்தி நிரலைச் சேர்த்தான். எல்லாரும் ஓகே சொன்னோம்.

ரெண்டு கிழமை கழிச்சுத்தான் தெரிஞ்சது, 2019 பழைய பாடத்திட்ட வினாத்தாள்கள் ஒன்றுகூட இல்ல. அந்த வருசம் புதிய பாடத்திட்டம், பழைய பாடத்திட்டம் என்று ஒரே பாடத்துக்கு ரெண்டு வினாத்தாள் வந்தது எங்க எல்லாருக்கும் தெரியும். அவளோட நிரல் பாடத்தையும் வருசத்தையும் மட்டும் வச்சுப் பேர் போட்டது. ஒரே பேர்ல ரெண்டு கோப்பு வந்ததால ஒன்று மற்றதை அழிச்சுட்டுது. முதல் வாசிப்பிலேயே கண்ணுல பட்டிருக்கணும். 14 கொமென்ட் போட்ட நாங்க வாசிச்சது வரிகளுக்கு முன்னாடி இருந்த வெத்து இடத்தை மட்டும்தான்.

இதை நான் குழுவுல எடுத்தப்போ வந்த பதில், "சின்ன விஷயம் மச்சான், விடு." அந்தப் பதிலுக்குத்தான் இந்தக் கட்டுரை.

சின்ன விஷயத்துக்கு ஏன் இவ்வளவு கூட்டம் கூடுது என்பதுக்கு பார்க்கின்சன் 1957லேயே ஒரு விளக்கம் எழுதிட்டார். ஒரு நிர்வாகக் குழு அணு உலைக்கான பெருந்தொகையைச் சில நிமிசத்துல அங்கீகரிக்கும், சைக்கிள் நிறுத்துற கொட்டகைக்கு நீண்ட நேரம் விவாதிக்கும். உலை யாருக்கும் விளங்காது, கொட்டகை எல்லாருக்கும் விளங்கும். எங்க கதைக்கு இது அச்சுல வார்த்த மாதிரிப் பொருந்துது. ஆனா பார்க்கின்சனைச் சொல்லிட்டு "அதனால எது வேணும்னாலும் வச்சுக்கலாம்" என்று கையைக் கழுவுறவங்களோட எனக்கு ஒத்துப்போகல. எது வேணும்னாலும் வச்சுக்கலாம் என்று சொல்றவர் பெரும்பாலும் தன்னோட பழக்கம் ஏற்கனவே ஜெயிச்ச ஆள். அவர் எதையும் மாத்த வேண்டியதில்ல. மாத்த வேண்டியது புதுசா வர்றவங்கதான்.

உள்தள்ளல் சும்மா அலங்காரமும் இல்ல. 2014 பெப்ரவரியில ஆப்பிள் நிறுவனம் அவசர அவசரமா ஐஃபோனுக்கு ஒரு அப்டேட் விட்டது. பாதுகாப்பான இணைப்பைச் சரிபார்க்கிற நிரல்ல 'கோட்டூ ஃபெயில்' என்ற ஒரு வரி தவறுதலா ரெண்டு தரம் விழுந்திருந்தது. ரெண்டாவது வரியும் முதலாவது மாதிரியே உள்ளே தள்ளி இருந்ததால, பார்க்கிறவங்க கண்ணுக்கு அதுவும் மேலே இருக்கிற நிபந்தனைக்குக் கீழ்ப்பட்ட மாதிரித் தெரிஞ்சது. அந்த நிரல் மொழிக்கு உள்தள்ளல் ஒரு பொருட்டே இல்ல, அது எப்பவும் அந்த வரியை ஓட்டிச்சு. அதுக்குப் பிறகு வர வேண்டிய சோதனை நடக்கவே இல்ல. கண் ஒன்றை வாசிச்சது, மெசின் வேறொன்றை வாசிச்சது. 2016ல வந்த ஜிசிசி 6ல இந்த மாதிரி ஏமாத்துற உள்தள்ளலைப் பிடிக்கிறதுக்கென்றே ஒரு எச்சரிக்கையைச் சேர்த்தாங்க. வெத்து இடம் பொய் சொல்லும். அதனால அதைக் கவனிக்கிறது நியாயம்தான். நாங்க கவனிச்ச விதம்தான் பிழை.

பைதான் இந்தப் பொய்க்கே இடம் கொடுக்காத மொழி. சாதாரண தரத்துல ஐ.சி.டி. படிச்சவங்களுக்கு பஸ்கால்ல 'பிகின்', 'எண்ட்' போட்டது ஞாபகம் இருக்கும். பைதான்ல அதெல்லாம் கிடையாது. எவ்வளவு உள்ளே தள்ளியிருக்கோ அதுதான் இலக்கணம். அதே காரணத்தால டேப்பையும் ஸ்பேஸையும் குழப்பிக் கலந்தா பைதான் 3 ஓடவே மாட்டேன் என்று நின்னுடும். ஆகவே ஒரு கோப்புக்கு ஒரு விதி வேணும் என்பதுல எனக்குச் சந்தேகமே இல்ல. முத்து அண்ணாமலை உருவாக்கின 'எழில்' என்ற தமிழ் நிரல் மொழி இந்தத் தலைவலியையே வேண்டாம் என்று விட்டுட்டது. அது பைதான்ல எழுதப்பட்டது, ஆனா ஒரு பகுதியை 'முடி' என்ற சொல்லைப் போட்டுத்தான் முடிக்கணும். எவ்வளவு இடம் விட்டாலும், விடாட்டியும், 'முடி' வந்தா முடிஞ்சது. முதன்முதல்ல நிரல் எழுதுற ஒரு பிள்ளைக்கு இது எவ்வளவு நிம்மதி என்று நான் இப்பத்தான் யோசிக்கிறேன்.

விதி வேணும் சரி, எந்த விதி? இங்கதான் எங்க ஆட்கள் பெப் 8ஐ வேதம் மாதிரித் தூக்கிக் காட்டுவாங்க. அது 2001ல பைதான்காரங்க தங்களுக்கு எழுதிக்கிட்ட நடைக் குறிப்பு. நாலு ஸ்பேஸ் என்று சொல்லுது. லினக்ஸ் கர்னலோட குறிப்பு டேப் என்று சொல்லுது, அதுவும் எட்டு எழுத்து அகலம். அந்தக் குறிப்பு தொடங்குறதே, குனூ ஆட்களோட நடைக் குறிப்பை அச்சடிச்சு, வாசிக்காம, கொளுத்தச் சொல்லித்தான். கோ மொழியில டேப். யாமல் கோப்புல டேப் போட்டா பிழை. மேக்ஃபைல்ல டேப் போடாட்டிப் பிழை. எல்லாருமே தங்களோடதுதான் இயற்கை என்று நினைக்கிறாங்க.

அந்த மேக்ஃபைல் கதையை இங்க சொல்லியே ஆகணும். 'மேக்' என்ற கருவியை 1976ல பெல் ஆய்வுகூடத்துல ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதினார். வரி டேப்லதான் தொடங்கணும் என்று ஒரு அவசர ஏற்பாடு. கொஞ்ச நாள்ல அது நல்ல ஏற்பாடு இல்ல என்று அவருக்கே விளங்கிட்டுது. ஆனா அதுக்குள்ள ஒரு டசன் பேர் பாவிக்கத் தொடங்கிட்டாங்க, அவங்களைக் குழப்ப வேண்டாமே என்று அப்படியே விட்டுட்டார். அந்த ஒரு டசன் பேருக்காக இத்தனை வருசமா உலகம் முழுக்க ஆட்கள் அந்தப் பிழைச் செய்தியோட மல்லுக்கட்டுறாங்க. நமக்கு இயற்கை மாதிரித் தெரியிற விதி பல நேரம் இப்படி யாரோ ஒருத்தரோட அன்றைய வசதிதான்.

நான் படிக்கிறது தமிழ். ஓலைச்சுவடியில சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கிறதும் பெரும்பாலும் இல்ல. செய்யுளா உரையா என்று பார்க்காம ஓலையோட அகலத்துக்கு நீட்டி எழுதிட்டே போவாங்க. எழுதினவருக்கு அது சிக்கனம். வாசிக்கிறவர் ஏற்கனவே தெரிஞ்சவரா இருக்கணும், இல்ல பக்கத்துல ஆசிரியர் இருக்கணும். அச்சு வந்த பிறகு ஆறுமுக நாவலர், தாமோதரம்பிள்ளை, சாமிநாதையர் போன்றவங்க பதிப்பிக்கத் தொடங்கினப்போதான், பாட்டு எங்க முடியுது உரை எங்க தொடங்குது என்று ஒரு சாதாரண வாசகர் தனியா உட்கார்ந்து கண்டுபிடிக்கிற நிலைமை வந்தது. சந்தி பிரிச்சு, குறியீடு போட்டு, பக்கத்துல இடம் விட்டு அவங்க செய்ததெல்லாம் வாசகருக்காக. வெத்து இடம் வாசிக்கிறவருக்குச் சொந்தம். அதை எழுதுறவரோட பழக்கத்துக்கோ, சரிபார்க்கிறவரோட திரைக்கோ எழுதிக் கொடுக்கக் கூடாது.

வாசிக்கிறவர் யார் என்று பார்த்தா, எங்க ப்ரொஜெக்ட்ல நான் ஏன் டேப் பக்கம் நிற்கிறேன் என்று விளங்கும். ஸ்பேஸ் என்றா நாலு ஸ்பேஸ் எல்லாருக்கும் நாலுதான். டேப் என்றா கோப்புல ஒரே ஒரு எழுத்து, அதை எவ்வளவு அகலமாக் காட்டணும் என்று அவரவர் எடிட்டர்ல வச்சுக்கலாம். பெரிய திரை இருக்கிறவர் எட்டு வச்சுக்கட்டும். ஃபோனை நிமிர்த்திப் பிடிச்சா என் திரையில ஒரு வரிக்கு 40 எழுத்துத்தான் ஒழுங்கா வாசிக்கலாம். நாலு படி உள்ளே போன ஒரு வரிக்கு நாலு ஸ்பேஸ் கணக்குல 16 எழுத்து வெத்து இடமாவே போயிடும். மிச்சம் 24ல நிரல் மடிஞ்சு மடிஞ்சு விழும். டேப்பை ரெண்டு அகலத்துக்கு வச்சா எட்டோட முடிஞ்சது. அந்தத் தங்கச்சி டேப் போட்டது தெரியாமலா? அவ பாவிச்ச அப்புல கீபோர்டுக்கு மேல ஒரு டேப் பட்டன் இருந்தது, சின்னத் திரைக்கு அது வசதியா இருந்தது. அவ செய்தது புத்திசாலித்தனம். நாங்க அதைப் பிழை என்றோம்.

பார்வை இல்லாதவங்க விசயத்துல இது இன்னும் தெளிவு. பிரெய்ல் காட்டுற கருவிகள்ல ஒரு வரிக்கு 40 கட்டம், சிலதுல அதைவிடக் குறைவு. ஒவ்வொரு ஸ்பேஸும் ஒரு கட்டத்தைத் தின்னும். டேப்பை ஒரே கட்டமா அமைச்சுக்கலாம். 2017ல வந்த ப்ரிட்டியர் என்ற கருவியில இந்தக் காரணத்தைக் காட்டியே டேப்பை இயல்பு அமைப்பாக்கச் சொல்லிப் பல வருசமாக் கேட்டாங்க. கொடுத்த பதில்களைப் பார்த்தா, பழகினதை மாத்துறது கஷ்டம் என்பதுதான் சாரம். பழகினது யாருக்கு?

டேப்புக்கு எதிரா ஒரு நியாயமான வாதம் இருக்கு. ஒரு வரிக்கு நடுவுல சமன் குறிகளையும் குறிப்புகளையும் நேர்கோட்டுல அடுக்கி அழகா வைக்கிறவங்களுக்கு, டேப் அகலம் மாறினா அந்த அடுக்கு குலைஞ்சிடும். உண்மை. ஆனா தமிழ்ல எழுதுற நமக்கு அந்த அடுக்கு எப்பவுமே நின்னதில்லையே. எல்லா எழுத்தும் ஒரே அகலம் என்ற நம்பிக்கை ஆங்கிலத் தட்டச்சு மெசின் காலத்தது. 'தேயிலை' என்று நம்ம கணக்குல மூணு எழுத்து. பைதானைக் கேட்டா ஆறு என்று சொல்லும், ஏன்னா உயிர்மெய்யோட கொம்பையும் விசிறியையும் தனித்தனியா எண்ணும். யூடிஎஃப் 8ல சேமிச்சா 18 பைட். திரையில அது பிடிக்கிற இடம் இந்த மூணுக்கும் சம்பந்தமில்லாத நாலாவது கணக்கு. நம்ம நிரல்ல பாடங்களோட பேரெல்லாம் தமிழ்ல இருக்கு. 'புவியியல்', 'அரசறிவியல்', 'இந்து நாகரிகம்' என்று வரிசையா வச்சு ஸ்பேஸ் தட்டி நேராக்க நாங்க பட்ட பாடு கொஞ்சமில்ல. ஒருத்தன் லெப்டொப்ல நேரா இருக்கும், அடுத்தவன் லெப்டொப்ல கோணலா இருக்கும். அதனால நடுவுல அடுக்குற வேலையே வேண்டாம், வரித் தொடக்கத்துல மட்டும் டேப், என்பதுதான் தமிழோட வேலை செய்றவங்களுக்குச் சரி.

இன்னொரு வாதம்: நாளைக்கு வெளி ப்ரொஜெக்டுக்குப் போனா அங்க ஸ்பேஸ்தானே, இப்பவே பழகட்டுமே. 2017ல ஸ்டாக் ஓவர்ஃப்ளோ நடத்தின கருத்துக்கணிப்புல ஸ்பேஸ் போடுறவங்க டேப் போடுறவங்களைவிடக் கூடச் சம்பளம் வாங்குறாங்க என்று வந்ததையும் ஒருத்தன் தூக்கிட்டு வந்தான். (அப்படிப் பார்த்தா சம்பளப் பேச்சுவார்த்தையில இனி தொழிற்சங்கங்கள் ஸ்பேஸ் கேட்கலாம்.) வெளியில போறப்போ அங்க உள்ள விதிக்கு மாறிக்கலாம், ஒரு செட்டிங்தான். சேர்ந்த முதல் கிழமையிலேயே ஒரு பிள்ளையை அதுக்காக ஓட விடத் தேவையில்ல.

டேப்பா ஸ்பேஸா என்பதுல நான் தோத்தாலும் கவலைப்பட மாட்டேன். தோக்கக் கூடாத இடம் வேற. தோட்டத்துல வளர்ந்தவங்களுக்குத் தராசுப் பக்கம் நடக்கிறது தெரியும். நாள் முழுக்க மலை ஏறி இறங்கி எடுத்த கொழுந்தை நிறுக்கிறப்போ, சாக்குக்கு இவ்வளவு, தண்ணிக்கு இவ்வளவு என்று கிலோ கழியும். குறிச்ச கிலோ வராட்டி அரைப்பேர். விதி இருக்கிறது பிழை என்று எங்கம்மா ஒருநாளும் சொன்னதில்ல. முத்தின இலையைப் போடக் கூடாது என்பது அவங்களுக்கும் தெரியும். தராசுப் பக்கத்துல நிக்கிறவர் ஆள் பார்த்து, மூட் பார்த்துக் கழிக்கிறதுதான் கோபம். எங்க 14 கொமென்ட்டும் அதே கழிவுதான். 60 வரி வேலைக்கு நாங்க அரைப்பேர் போட்டோம். எங்கள்ல ஒருத்தன் போன மாசம் அனுப்பின நிரல்லயும் டேப் இருந்தது, அதை ஒருத்தரும் கேட்கல. தேடிப் பார்த்துட்டுத்தான் சொல்றேன்.

இந்த வேலையை மனுசன் கையில இருந்து பிடுங்கிறதுதான் வழி. கோ மொழி இதைத் தொடக்கத்துலயே செய்தது. 'கோஃபம்ட்' என்ற கருவி எல்லாருடைய நிரலையும் ஒரே அச்சுக்குக் கொண்டுவரும், அதுல அமைப்பு மாத்துற பேச்சே இல்ல. அதோட நடை பிடிக்காதவங்களும் சண்டை இல்லாத நிம்மதிக்காக அதை ஏத்துக்கிட்டாங்க. பைதானுக்கு 2018ல 'பிளாக்' வந்தது, வளைஞ்சு கொடுக்காத கருவி என்றே அது தன்னை அறிமுகப்படுத்துது. அது ஸ்பேஸ் மட்டும்தான் போடும். டேப் பக்கம் நிக்கிற எனக்கு அது தோல்வி. பரவாயில்ல, ஒரு ஆள் இன்னொரு ஆளுக்குச் சொல்றதைவிட அது மேல். கொழுந்து எடுக்கிறப்போ செடி மேல குறுக்க ஒரு கம்பு வச்சு மட்டம் பார்ப்பாங்களே, அந்தக் கம்புக்கு யார் மேலயும் கோபம் கிடையாது. டேப்தான் வேணும் என்று முடிவானா 'ரஃப்' என்ற கருவி அதையும் செய்து கொடுக்கும்.

இதுக்கும் "பழைய வரலாறு குழம்பிடும்" என்று ஒரு முட்டுக்கட்டை வந்துச்சு. எல்லாக் கோப்பையும் ஒரே நாள்ல மாத்தினா, எந்த வரியை யார் எழுதினது என்று பார்க்கிறப்போ மாத்தினவர் பேர்தான் எல்லா வரியிலயும் வரும். உண்மைதான். ஆனா அந்த ஒரு மாற்றத்தைக் கணக்குல எடுக்காதே என்று கிட்டுக்கே சொல்ற வசதி 2019லேயே வந்துட்டுது. அதைத் தேடிப் பார்க்காம முட்டுக்கட்டை போட்ட அதே நண்பர்தான் அவளுக்குப் பெப் 8 வாசிக்கச் சொன்னவர். நான் பேர் சொல்லல, அவருக்குத் தெரியும். நானும் அப்போ தலையாட்டினவன்தான்.

நேத்து ராத்திரி நான் ரெண்டு காரியம் செய்தேன். ஃபோர்மெட்டர் தானா ஓடுற மாதிரி ஒரு கோப்பைச் சேர்த்து அனுப்பியிருக்கேன், உள்தள்ளல் பற்றி இனி யாரும் கொமென்ட் போட முடியாது, போட்டா நான் அழிப்பேன். ரெண்டாவது, 2019 பிழையைத் திருத்தத் தொடங்கி, பாதியில நிறுத்திட்டேன். அந்த நிரலை எழுதினவளுக்குத்தான் அதைத் திருத்துற முதல் உரிமை. என்ன பிழை, எந்த வரி, ஏன் வந்தது என்று விளக்கி அவளுக்கு ஒரு மெசேஜ் அனுப்பியிருக்கேன், அந்த மூணு கொமென்ட்டுக்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டு. இன்னும் ஒரு டிக்தான் விழுந்திருக்கு. மழை, அந்தப் பக்கம் சிக்னல் இல்லையா இருக்கும்.